தமிழ்நாட்டு வீட்டுமனை முகவர்களின் தொடர்கல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வீடு, மனை வாங்குவோருக்கும் விற்போருக்கும் இடைநின்று உதவும் முகவர்கள், தரகர்கள், சிறிய ரியல் எஸ்டேட் அலுவலகம் நடத்துவோர் ஆகியோர் தம் தொழிலறிவைப் புதுப்பித்துக்கொள்வது பற்றி வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பேச்சுத்திறனையும் விளம்பர உத்தியையும் கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். ஆவணத்தைப் படிக்கக் கற்றுத்தருவோர் குறைவு. ஆகவே விடைகளின் எடை ஆவணங்களின் பக்கமே சாய்ந்திருக்கும்.

இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?

ஊரையும் ஆட்களையும் விலைப்போக்கையும் அனுபவமே கற்றுத்தந்துவிடும். அவற்றில் அவருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சட்டமும் கட்டணமும் அப்படிப்பட்டவை அல்ல. 2017 ஜூன் மாதம், பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பான வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, கிரயப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023-இல் மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்திய அரசு கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தது. அந்த மதிப்பு உயர்வு வழக்குக்கும் உள்ளானது. 2024 ஜூலை 1 முதல் மதிப்புகள் மீண்டும் திருத்தப்பட்டன. 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிவாகும் 10 இலட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை வந்தது. 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையோடு இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் வாங்குபவருக்கு மொத்தச் செலவைச் சொல்ல வேண்டும். பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு உறுதியாகப் பேசும் மூத்தவரைவிட, தெரியவில்லை என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரும் இளையவர் இந்த ஒன்றில் நம்பகமானவர்.

முகவராகப் பதிவு செய்யத் தேர்வு ஏதும் உண்டா? பயிற்சி சட்டப்படி கட்டாயமா?

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, முகவருக்குப் பதிவைக் கட்டாயமாக்கியதே தவிரக் கல்வித் தகுதியையோ தேர்வையோ தானே வரையறுக்கவில்லை. சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, ரெராவில் பதிவான திட்டத்தில் உள்ள மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுத்தர முன்வருபவர் முதலில் முகவராகப் பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அப்பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பதிவின்றித் தொழில் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்க முனைந்த மனை அல்லது வீட்டின் விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் விதிக்க 62-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

மகாராஷ்டிர ரெரா ஆணையம் 2023-இல் ஒரு படி மேலே சென்று, 20 மணி நேரப் பயிற்சியையும் தேர்வையும் முகவர்களுக்குக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2010-இல் அமைந்த முகவர் மன்றம், தேர்வில் தேறியவருக்கு மட்டுமே பதிவு தருவதோடு, ஆண்டுதோறும் தொடர்கல்வியையும் எதிர்பார்க்கிறது. கலிஃபோர்னியாவில் நான்காண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 45 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும். கட்டாயம் நம் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதா என்பது அவரவர் முடிவு. ஆனால் வாங்க வருபவர் இப்போதே கைபேசியில், சொத்தின் மீது பதிவான ஆவணங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அவர் பார்த்த அளவுக்காவது முகவரும் பார்த்திருக்க வேண்டாமா?

பழைய வீடுகளையும் வாடகை வீடுகளையும் மட்டுமே பார்க்கிறேன். ரெராவைப் படித்து எனக்கு என்ன பயன்?

பதிவுக் கட்டாயம் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாமல் போகலாம். ஆயினும் பத்தாண்டுக்குள் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடு மறுவிற்பனைக்கு வந்தால், அந்தத் திட்டத்தின் பதிவு விவரம், அங்கீகார வரைபடம், தரைப்பரப்பு (கார்பெட் ஏரியா) ஆகியவற்றை ரெரா தளத்திலேயே பார்த்து, விற்பவர் சொல்வதோடு ஒப்பிடலாம். வாடகைக்கோ தனிச் சட்டம் வந்துவிட்டது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர் – வாடகைதாரர் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதையும் வாடகை அதிகாரியிடம் பதிவாவதையும் கோருகிறது. 11 மாத ஒப்பந்தம் போட்டால் எதுவும் தேவையில்லை என்று இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தச் சட்டத்தைத் திறந்தே பார்க்காதவர்கள்.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

வில்லங்கச் சான்றிலிருந்து. பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து அதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கையில் இப்போது இருக்கும் ஒரு சொத்தை எடுத்துக்கொண்டு, பார்வையிடக் கிடைக்கும் மிகப் பழைய ஆண்டிலிருந்து தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண்ணும் ஆண்டும், எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், கீழே சொத்து விவரம் ஆகியவை இருக்கும்.

பலரும் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது முந்தைய ஆவண எண். 2014-ஆம் ஆண்டுக் கிரயம் எந்த ஆவணத்தைத் தன் மூலமாகச் சுட்டுகிறதோ அதே ஆவணம் மேலே பட்டியலில் இருக்கிறதா, அதில் எழுதி வாங்கியவர்தான் இதில் எழுதிக் கொடுத்தவரா என்று ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கண்ணி எங்காவது அறுந்திருந்தால் அங்கே ஒரு இறப்போ, உயிலோ, வேறு சார்பதிவகத்தில் பதிவான ஆவணமோ, சில வேளைகளில் ஒரு மோசடியோ இருக்கும். அடுத்து அடமானப் பதிவுகளைத் தேடுங்கள். வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததாக ஒரு பதிவு இருந்தால், கடனைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணம் பிறகு பதிவாகியிருக்க வேண்டும். கடன் எப்போதோ முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ரசீது பதிவாகாதவரை வாங்குபவரின் வங்கி அதை ஏற்காது. பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பு இது வெளிப்பட்டால் முகவர் மீதுதான் கோபம் திரும்பும்.

இப்படிப் பத்துப் பதினைந்து சொத்துகளின் வில்லங்கத்தைத் தாமே வரிசைப்படுத்திப் பார்த்தவருக்கு எந்த வகுப்பும் தராத கண் வந்துவிடும்.

வில்லங்கச் சான்றில் சிக்கல் ஏதும் இல்லையென்றால் சொத்து சுத்தமானதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. பதிவுத்துறையில் சொத்து ஆவணங்களுக்கான 1-ஆம் புத்தகத்தில் ஏறியவற்றைத்தான் அது காட்டுகிறது. பதிவான உயில்கூட 3-ஆம் புத்தகத்துக்குப் போவதால் அதில் தெரியாது. முன்காலத்துப் பொது அதிகார ஆவணங்கள் 4-ஆம் புத்தகத்தில் பதிவானதால் அவையும் தெரியாது. பதிவு செய்யாத கிரய ஒப்பந்தம், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையிலுள்ள பல வழக்குகள், வெளியூரில் இருக்கும் வாரிசு ஆகிய எவையும் அங்கே இல்லை. நிலம் அரசுப் புறம்போக்கா, ஆங்கிலேயர் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலமா, கோயிலுக்கோ வக்ஃபுக்கோ உரியதா என்பதை வருவாய்த்துறைப் பதிவுகளில்தான் தேட வேண்டும். அதற்கு, சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். பட்டா கையில் இருப்பதையே உரிமைக்குப் போதிய சான்றாகக் காட்டி விற்கும் வழக்கமும் ஆபத்தானது. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. உரிமை பத்திரங்களின் தொடர்ச்சியிலிருந்து வருவது. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பெயர்களும் பரப்புகளும் பிழையாக ஏறிய இடங்கள் ஏராளம். இன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் அவற்றுக்கான திருத்த மனுக்கள் குவிகின்றன.

அளவுகளைக் கணக்கிடுவதும் படிப்பில் சேருமா?

சேர வேண்டும். இது மிக எளிதாகக் கற்கக்கூடியது, மிகக் குறைவாகவே கற்கப்படுவது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர் – ஏர் கணக்கிலும், பத்திரத்தில் ஏக்கர் – சென்ட் கணக்கிலும், பேரத்தில் கிரவுண்டு அல்லது சதுர அடிக் கணக்கிலும் ஓடும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட்.

பட்டாவில் 0 – 12.50 என்றும் பத்திரத்தில் 32 சென்ட் என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12.50 ஏர் என்பது 1,250 சதுர மீட்டர், ஏறத்தாழ 30.89 சென்ட். ஒரு சென்டுக்குச் சற்று மேல், அதாவது 480 சதுர அடிக்கும் கூடுதலாக, இரண்டுக்கும் இடையே வேறுபாடு. சதுர அடி 2,000 ரூபாய்க்குப் போகும் இடத்தில் இது ஒன்பதரை இலட்சம் ரூபாயைத் தாண்டும். இவ்வேறுபாட்டைப் பேரத்துக்கு முன்பே கண்டு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் களத்தில் உள்ள எல்லைக் கற்களையும் சர்வேயர் வைத்து ஒப்பிட்டுவிட்டால் அது ஒரு விலைப் பேச்சாக முடியும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் சண்டையாக முடியும்.

அடுக்குமாடியில் இதே கவனம் வேறு உருவத்தில் தேவை. ரெரா வரையறுக்கும் தரைப்பரப்பில் உட்சுவர்கள் சேரும். வெளிச்சுவரும் வீட்டுக்குரிய பால்கனியும் திறந்த மொட்டைமாடியும் சேராது. மொத்தக் கட்டுமானப் பரப்பு, தரைப்பரப்பு, நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிபடாத பாகம் ஆகிய மூன்று எண்களையும் தனித்தனியே எழுதி வாங்குபவர் கையில் கொடுக்கும் முகவர் இன்னும் அரிதாகவே தென்படுகிறார்.

வாரிசுரிமைச் சட்டம் வழக்கறிஞரின் வேலை அல்லவா?

முடிவு சொல்வது அவர் வேலை. ஐயம் எழ வேண்டிய இடத்தில் எழுப்புவது உங்கள் வேலை. இந்துக் குடும்பச் சொத்தில் மகள்களின் உரிமை இதற்குத் தக்க சான்று. தமிழ்நாடு தன் சட்டத் திருத்தத்தின் மூலம் 1989 மார்ச் 25 முதல், அந்நாளுக்கு முன் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமையை அளித்தது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த நடுவணரசுத் திருத்தம், மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடின்றி அதை விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தேவையில்லை என்று சொல்லி முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகள் இதனால் பாதிக்கப்படா.

இனி களத்துக்கு வருவோம். “அக்காவுக்கு அப்போதே நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம், அவர் கையெழுத்து எதற்கு?” என்று விற்பவர் கேட்பார். மேற்சொன்ன தேதிகளை அறிந்த முகவர் அவரோடு வாதாட மாட்டார். அக்கா தம் பங்கை விட்டுக்கொடுத்ததற்கான விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் கேட்பார். தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச்சென்றிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியோடும் பிள்ளைகளோடும் இறந்தவரின் தாயாரும் முதல் வகை வாரிசு. வாரிசுச் சான்றிதழில் பாட்டியம்மாவின் பெயர் விடுபட்டுப் போவதை இன்றும் காணலாம். கிறித்தவர்களுக்கும் இசுலாமியர்களுக்கும் வேறு சட்டங்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அங்கீகாரம் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

மனை விற்பவருக்கு இது அடிப்படை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்ததும், அதே ஆண்டு அக்டோபர் 20 என்ற நாள் பின்னர் அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்கு எல்லைக்கோடாக வந்ததும் இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் நினைவிருக்கும். மனை ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மீண்டும் பதிவு செய்ய முடிவது ஒன்று, அதில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறொன்று. இரண்டையும் குழப்பி விற்றவர்களின் வாடிக்கையாளர்கள் பிறகு வங்கிக் கடனுக்கும் கட்டட அனுமதிக்கும் அலைந்தார்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் எல்லை எதுவரை, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் எல்லை எது, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ வரும் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்கிறதா, விளம்பரத்தில் அப்பதிவு எண் இருக்கிறதா ஆகியவற்றை உங்கள் பேச்சுக்கு முன் உறுதிசெய்ய வேண்டும். பதிவாகாத திட்டத்தை விற்றுத்தருவதை ரெராவின் 10-ஆம் பிரிவு முகவருக்கு நேரடியாகவே தடுக்கிறது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுமான நிறுவனத்துக்கே உரிமை கிடையாது என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லுங்கள். கமிஷன் தரும் நிறுவனம் முகம் சுளித்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டங்கள் இவ்வளவு வேகமாக மாறும்போது எப்படித் தொடர்வது?

மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். ஒவ்வொரு விதியையும் அதன் தேதியோடு குறித்துவையுங்கள். போலி ஆவணங்களை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் பதிவுச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட 77-ஏ பிரிவை, அரசமைப்புக்கு முரணானது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற 55-ஏ விதியின் முதல் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2022-இல் ஒரு பயிற்சி வகுப்பில் இவற்றைக் கற்றுக்கொண்டு அத்தோடு நிறுத்தியவர் இன்று தவறான ஆலோசனை சொல்லிக்கொண்டிருப்பார். வாரத்துக்கு ஒருமுறை பதிவுத்துறைச் சுற்றறிக்கைகளையும், தமிழ்நாடு ரெரா தளத்தில் வெளியாகும் ஆணைகளில் ஒன்றையும் படிப்பது நல்ல பழக்கம். வாங்கியவர் என்ன புகார் செய்தார், நிறுவனம் என்ன பதில் சொன்னது, எந்தத் தாள் இல்லாமல் போனதால் யார் தோற்றார் என்பதெல்லாம் அந்த ஆணைகளில் விரிவாக இருக்கும்.

வரி விதிகளில் எவை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்?

விலை 50 இலட்சம் ரூபாயைத் தொட்டால், உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் பிடித்தம் முற்றிலும் வேறு. அங்கே தணிக்கையாளர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்கு ஈடான தண்டம் வரலாம். 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. அதற்கு முன் வாங்கிய நிலம், வீடுகளை விற்கும் உள்நாட்டுத் தனிநபர், பணவீக்கச் சரிக்கட்டலோடு கூடிய பழைய 20 விழுக்காட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக் குறைந்ததைக் கட்டலாம். பிரிவு எண்களைச் சொல்லி வாடிக்கையாளரை மலைக்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது; 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் அந்த எண்களே மாறிவிட்டன. உங்கள் சொந்தக் கணக்கையும் கவனியுங்கள்: ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கமிஷன் மீது 18 விழுக்காடு வரி உண்டு.

பணம் கட்டிச் சேரும் பயிற்சி வகுப்புகள் பயன்படுமா?

பாடத்திட்டத்தைக் கேளுங்கள். ஒரு பத்திரத்தையாவது வரிவரியாகப் படித்துக் காட்டுவார்களா, கற்பிப்பவர் பதிவுத்துறையிலோ நில அளவையிலோ நீதிமன்றத்திலோ பணியாற்றியவரா என்று விசாரியுங்கள். நட்சத்திர விடுதியில் ஒருநாள் முழுவதும் கைதட்டவைத்து, மாதம் பத்து இலட்சம் சம்பாதிக்கும் வழி சொல்பவர்களிடம் கட்டும் தொகையை உள்ளூர் ஆவண எழுத்தர் ஒருவரோடு சில மாலைகள் உட்கார்ந்து கற்பதற்குச் செலவிடலாம். அவரிடம் பழைய கையெழுத்துப் பத்திரங்களைப் படிக்கும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும்.

எல்லா வகைச் சொத்துகளையும் கற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்களையோ, ஒரு நகர்ப்பகுதியின் அடுக்குமாடி மறுவிற்பனையையோ ஆழமாக அறிந்தவருக்கே அறிமுகத்தின் பேரில் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்டால் வழக்கறிஞர் கருத்து தேவையில்லை என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. உரிமை பற்றிய கருத்தை வழக்கறிஞரும், எல்லையைச் சர்வேயரும், வரியைத் தணிக்கையாளரும் எழுத்தில் தர வேண்டும். அவர்களிடம் முழுமையான தாள்களையும் சரியான கேள்விகளையும் கொண்டுசேர்ப்பதுதான் முகவரின் கல்விக்கான பயன்பாடு. பல கருத்துரைகள் பிழையாகப் போவதற்குக் காரணம், வழக்கறிஞரிடம் ஒரு விடுதலைப் பத்திரத்தையோ இறப்புச் சான்றையோ காட்டாமல் விட்டதுதான்.

கற்றவற்றை எப்படிப் பதிவு செய்து வைப்பது?

பதிவுபெற்ற முகவர் கணக்குகளையும் ஆவணங்களையும் பேண வேண்டும் என்று ரெராவின் 10-ஆம் பிரிவே சொல்கிறது. அந்தப் பதிவேட்டில் ஒவ்வொரு பேரத்துக்கும் இரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும், வில்லங்கம் பார்த்த காலமும் நாளும், பட்டா – பத்திரப் பரப்புகள், வாரிசுகளின் பெயர்கள், வாங்குபவரிடம் கொடுத்த தாள்களின் பட்டியல் ஆகியவை இருக்கட்டும். இரண்டாம் பக்கத்தில் அந்தப் பேரம் எங்கே தடைபட்டது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கேட்டார்கள், எந்த விதியைக் காட்டினார்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள். பேரம் முறிந்திருந்தால் இரண்டாம் பக்கத்தைக் கூடுதல் கவனத்தோடு நிரப்புங்கள். அதே சர்வே எண்ணின் மற்றோர் உட்பிரிவு அடுத்த ஆண்டு உங்களிடமே விற்பனைக்கு வரலாம்.